4,29,49,67,297: இந்தப் புகழ் யாருக்குச் சேரவேண்டியது?

எண்களைப் புகழ்வது எளிது. எந்த எண்ணை எடுத்தாலும் அதன் இலக்கங்களைக் கூட்டி, பெருக்கி, தலைகீழாகத் திருப்பி ஏதாவது ஒரு விந்தையைக் கறந்துவிடலாம். 4,29,49,67,297 என்ற எண்ணையே பாருங்கள்: 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. பத்து இலக்கங்களையும் கூட்டினால் 59 வரும். அது ஒரு பகா எண். அந்தப் பத்து இடங்களில் 2, 4, 6, 7, 9 ஆகிய ஐந்து இலக்கங்களே மாறி மாறி வருகின்றன; 0, 1, 3, 5, 8 தலைகாட்டவே இல்லை. எல்லாம் உண்மைதான், ஆனால் ஒன்றுக்கும் உதவாத உண்மை. நமக்குப் பத்து விரல்கள் இருப்பதால் பத்தின் அடுக்குகளில் எண்ணுகிறோம். எட்டு விரல்களோடு பிறந்திருந்தால் இந்த அதிசயங்கள் எவையும் இருந்திருக்கா.

இந்த எண்ணின் புகழ் இலக்க வித்தையால் வந்ததல்ல. பியேர் டி ஃபெர்மா என்ற பெருங்கணிதர் சறுக்கிய இடம் என்றும், ஆய்லர் அதை 641ஆல் வகுத்துக் காட்டிய இடம் என்றும் எண் கணிதம் பற்றிய நூல்கள் இதைத் தவறாமல் குறிப்பிடுகின்றன. இதை ஒட்டி எழுதுபவர்கள் இதன்மேல் ஏற்றிவைக்கும் பெருமைகளும் ஏராளம். அவற்றில் எவ்வளவு இந்த எண்ணுக்கே உரியது என்பதுதான் கேள்வி. இரண்டு சோதனைகள் வைத்துக்கொள்வோம். ஒன்று, எந்த எண்முறையில் எழுதினாலும் அந்தப் பண்பு நிற்கவேண்டும். மற்றொன்று, அது இந்த எண்ணின் உடன்பிறப்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பண்பாக இருக்கக்கூடாது. குடும்பச் சொத்தைத் தனிச் சம்பாத்தியமாகக் கணக்கில் காட்டுவதை ஏற்க முடியாது.

குடும்பம் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2¹+1, 2²+1, 2⁴+1, 2⁸+1, 2¹⁶+1 என்று அடுக்கை ஒவ்வொரு முறையும் இரட்டித்துக்கொண்டு போனால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள். அடுத்தது 2³²+1. அதுதான் நம்முடைய 429 கோடி. சுழியிலிருந்து எண்ணுவது வழக்கம் என்பதால் வரிசையில் ஆறாவதாக வரும் இதை ஐந்தாம் ஃபெர்மா எண் என்பார்கள். அடுக்கு ஏன் இப்படி இரட்டித்துக்கொண்டே போகவேண்டும் என்பதற்கும் நல்ல காரணம் உண்டு. அடுக்கில் ஒன்றைவிடப் பெரிய ஒற்றைப்படைக் காரணி ஒளிந்திருந்தால் எண் உடைந்துவிடும். 12 என்ற அடுக்கில் 3 இருக்கிறது. ஆகவே 2¹²+1, அதாவது 4097, என்பது 17×241. பகா எண்ணாக இருக்க வாய்ப்புள்ளவற்றை மட்டும் சரியாகத் தேர்ந்தெடுத்துத்தான் ஃபெர்மா தம் ஊகத்தை வைத்தார்.

ஃபெர்மா தவறான தேற்றம் ஒன்றைச் சொன்னார் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது நியாயமல்ல. 1640இல் சக கணிதர் ஃபிரெனிக்கிளுக்கு எழுதியபோதே, இந்த வரிசை முழுதும் பகா எண்கள் என்று தமக்கு ஏறக்குறைய நம்பிக்கை உண்டு, ஆனால் நிரூபணம் கையில் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். 1654இல் பாஸ்கலுக்கு எழுதியபோதும் நிரூபணத்தைத் தேடிக்கொண்டுதான் இருந்தார். ஆகவே இந்தக் கடிதங்களைப் பொறுத்தவரை அவர்மீது பொய்த் தேற்றக் குற்றச்சாட்டு நிற்காது. நிற்கக்கூடியது வேறொன்று: சோதிக்கும் கருவி அவர் கையிலேயே இருந்தது. அதே 1640இல் 2³⁷−1 என்ற எண்ணை 223 வகுக்கும் என்று கண்டுபிடித்தவர் அவர். 2³⁷−1க்கு 13,743 கோடிக்கும் மேல் மதிப்பு. நம் எண்ணைவிடப் பல மடங்கு பெரிது. எந்த வடிவக் காரணிகளை மட்டும் தேடினால் போதும் என்று அங்கே தெரிந்தவருக்கு இங்கேயும் தெரிந்திருக்கவேண்டும். அந்த நுணுக்கமே இல்லாமல் 2, 3, 5, 7 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துப் பார்த்திருந்தாலும் 641 என்பது 116ஆவது பகா எண்தான். பொறுமையுள்ளவருக்கு அது பெரிய வேலையே அல்ல. கணக்குப் போட்டு எங்கோ ஓர் இலக்கத்தில் தவறியிருப்பார் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

கணிதர் கோல்ட்பாக் ஆய்லருக்கு ஃபெர்மாவின் இந்த ஊகத்தைப் பற்றி எழுதிய ஆண்டு 1729. (ராமானுஜனின் எண்ணேதான், ஆனால் தேதிகளில் தட்டுப்படும் இந்த மாதிரிப் பொருத்தங்களுக்கும் மதிப்பெண் கிடையாது.) ஆய்லர் முதலில் அவ்வளவாக அக்கறை காட்டவில்லை. பிறகு 1732இல், 4,29,49,67,297 = 641 × 67,00,417 என்று அறிவித்தார். எப்படிக் கண்டார் என்பதை அப்போது சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்து வேறொரு கட்டுரையில்தான் அந்த வழி வெளிவந்தது.

வழி அழகானது. ஏதோ ஒரு பகா எண் 2³²+1ஐ வகுக்கிறது என்று கொள்வோம். அந்தப் பகா எண்ணால் 2³²ஐ வகுத்தால் மீதி, வகுக்கும் எண்ணுக்கு ஒன்று குறைவு, அதாவது −1. ஆகவே 2⁶⁴ஐ வகுத்தால் மீதி 1. இரண்டின் அடுக்குகளில் மீதி 1 என்று முதன்முதலாக வருவது சரியாக 64ஆவது அடுக்கில்தான். அப்படியானால் ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் 64ஆல் வகுபட்டாகவேண்டும். இந்த நிபந்தனையைத் தாண்டும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்றே தொடங்குகின்றன. ஐந்தாவது முயற்சியில் கதவு திறக்கிறது. பின்னர் வந்த பிரெஞ்சுக் கணிதர் லூக்கா நிபந்தனையை இன்னும் இறுக்கி, 64 அல்ல 128ஆல் வகுபடவேண்டும் என்று காட்டினார். அதன்படி 257உம் 641உம்தான் முதல் இரண்டு வேட்பாளர்கள். 257 தானே ஒரு ஃபெர்மா எண். இந்தக் குடும்பத்தில் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது. ஆகவே அது தானாக விலகுகிறது. மிஞ்சுவது 641. முதல் அடியிலேயே விழுகிறது.

இது குடும்பத்துக்குப் பொதுவான விதி அல்லவா, இதில் இந்த எண்ணின் தனிச்சிறப்பு எங்கே என்று கேட்கலாம். கேட்கவேண்டியதுதான். விதி பொதுவானது, அது இவ்வளவு சீக்கிரம் பலித்தது பொதுவானதல்ல. அடுத்த எண்ணான 2⁶⁴+1க்கு மிகச்சிறிய காரணி 2,74,177. அது அச்சில் வெளிவர 1880 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. வெளியிட்ட லாண்ட்ரிக்கு அப்போது வயது 82. அதற்கும் அடுத்த 2¹²⁸+1இன் சிறிய காரணிக்கே 17 இலக்கங்கள். அது 1970இல் கணினியின் துணையோடுதான் பிடிபட்டது. பத்து இலக்க எண்ணுக்கு மூன்றே இலக்கக் காரணி என்ற சலுகை ஐந்தாவது எண்ணுக்கு மட்டும் கிடைத்தது.

அந்த 641ஐக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். இந்த எண்ணின் உண்மையான சரக்கு அங்கேதான் இருக்கிறது. 641ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5×2⁷+1 என்று ஒரு விதம், 5⁴+2⁴, அதாவது 625+16, என்று இன்னொரு விதம். முதல் வடிவத்தின்படி 5×2⁷ஐ 641ஆல் வகுத்தால் மீதி −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸க்கு மீதி 1. இரண்டாம் வடிவத்தின்படி, மீதிக் கணக்கில் 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ என்று போட்டுக்கொள்ளலாம். போட்டால் −2³²க்கு மீதி 1 என்று வருகிறது. அதாவது 2³²+1ஐ 641 மீதியின்றி வகுக்கும். முடிந்தது. 429 கோடியை எங்குமே எழுதவில்லை, ஒரு நீள்வகுத்தல்கூடப் போடவில்லை. மாணவர்களுக்கு எண் கணிதத்தின் ருசியைக் காட்ட இதைவிடச் சிறிய நிரூபணம் கிடைப்பது அரிது.

இதையே இன்னும் ஒரு படி தள்ளலாம். மீதிக் கணக்கில் 5⁴ = −2⁴ என்றால், நான்காம் அடுக்கில் 5¹⁶ = 2¹⁶. இருபுறமும் 2¹⁶ஆல் பெருக்குங்கள்: 10¹⁶ = 2³². வலப்பக்கத்துக்கு மீதி −1 என்று ஏற்கெனவே தெரியும். ஆகவே 10¹⁶+1 என்ற எண்ணையும் 641 வகுக்கும். நூறு கோடி கோடியோடு ஒன்று; எழுதினால் 1, பின் பதினைந்து சுழிகள், மறுபடி 1. நம் 429 கோடியை இரும எண்முறையில் எழுதினால் 1, பின் முப்பத்தொரு சுழிகள், மறுபடி 1. ஒரே தோற்றம், ஒரே காரணி. பத்தடிமானத்தில் தெரிவதெல்லாம் வெறும் பகட்டு என்று தொடக்கத்தில் ஒதுக்கினேன். இது அந்த வகையைச் சேர்ந்ததல்ல. இதற்குக் காரணம் சொல்ல முடிகிறது. இலக்கக் கூட்டல் 59 என்பதற்குச் சொல்ல முடியாது.

மற்றக் காரணியான 67,00,417 பகா எண்தானா? பெரிய பட்டியல் எதுவும் வேண்டாம். அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதற்குள் 128ஆல் வகுபடும் எண்ணோடு ஒன்று சேர்ந்த வடிவிலுள்ள பகா எண்கள் ஐந்துதான்: 257, 641, 769, 1153, 1409. இவற்றால் வகுத்தால் முறையே 170, 44, 120, 334, 622 என்று மீதி நிற்கிறது. ஐந்தே வகுத்தலில் வழக்கு முடிகிறது. ஜெரா கோல்பர்ன் என்ற அமெரிக்கச் சிறுவன் லண்டனில் இந்த 429 கோடியை மனக்கணக்காகவே 641×67,00,417 என்று உடைத்துக் காட்டியதாகப் பதிவு உண்டு. சிறுவனின் திறமையில் ஐயமில்லை. ஆனால் கேட்டவர்கள் வேறு எண்ணைக் கொடுத்திருக்கலாம். சிறிய காரணி உள்ளதையே கொடுத்தார்கள்.

இன்னொரு பண்பும் உண்டு. அதைத்தான் இந்த எண்ணின் மிகச் சிறந்த முகமாக நான் கருதுகிறேன். 2³²+1 என்பது வெளிப்படையாகவே இரண்டு வர்க்கங்களின் கூட்டல்: 65536²+1². குடும்பத்தில் எல்லோருக்கும் இப்படி ஒன்று உண்டு. ஆனால் பகா எண்ணாக இருந்தால் இந்த வடிவம் ஒன்றே ஒன்றுதான் இருக்கமுடியும். நம் எண்ணுக்கு இரண்டாவது வடிவமும் இருக்கிறது: 62264²+20449². கூட்டிப் பாருங்கள்: 3,87,68,05,696உம் 41,81,61,601உம் சேர்ந்து அதே 4,29,49,67,297. இரண்டாவது வடிவம் கிடைத்த கணமே பகா எண் என்ற தகுதி போய்விடுகிறது.

இதில் சுவை என்னவென்றால், இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காரணிகள் தாமாக வெளியே வருகின்றன. 65536இலிருந்து 62264ஐக் கழித்தால் 3272. 20449இலிருந்து 1ஐக் கழித்தால் 20448. இவ்விரண்டின் மீப்பெரு பொதுக் காரணி 8. அதேபோல் கூட்டினால் 127800, 20450; இவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 50. எட்டிலும் ஐம்பதிலும் பாதி எடுங்கள்: 4, 25. இவற்றின் வர்க்கங்கள் 16, 625; கூட்டினால் 641! 3272ஐயும் 20448ஐயும் எட்டால் வகுத்து வரும் 409, 2556 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 67,00,417. முன்னே நிரூபணத்தில் வந்த 5⁴+2⁴ இங்கே 25²+4² என்று வேறு வாசல் வழியாக வந்து நிற்கிறது. 20449 என்பது 143இன் வர்க்கமாக இருப்பதும் கண்ணில் படும். அதற்கு ஒரு காரணமும் எனக்குப் புலப்படவில்லை, தற்செயல் என்றே தள்ளுகிறேன்.

இனித் தள்ளுபடிகள். 'பகா எண் போல வேடமிடும் எண்' என்பது இதற்கு அடிக்கடி தரப்படும் பட்டம். 2ஐ அடிப்படையாகக் கொண்ட ஃபெர்மா சோதனையில் (எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்குக்கு 2ஐ உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) இது தேறிவிடும் என்பது உண்மை. ஆனால் 2⁶⁴க்கு மீதி 1 என்றபோதே, 64இன் மடங்கான 2³² என்ற அடுக்கிலும் மீதி 1தான். எந்த ஃபெர்மா எண்ணும், பகா எண்ணோ இல்லையோ, இந்தச் சோதனையில் தேறியே தீரும். எல்லோரும் தேறும் தேர்வில் தேறுவது என்ன சாதனை? அடிப்படையை 3 ஆக்கிப் பாருங்கள், உடனே பிடிபடும். 3ஐ 2³² முறை பெருக்கி வகுத்தால், பகா எண்ணாக இருந்தால் மீதி 1 வரவேண்டும்; வருவது 3,02,90,26,160. 7இல் முடிகிறது என்பார்கள். 17 முதல் குடும்பமே 7இல்தான் முடிகிறது. முந்தைய ஐந்தையும் பெருக்கி 2 கூட்டினால் இது வரும் என்பார்கள். அதுவும் வம்ச வழக்கம்.

கணினிக்காரர்கள் இதைத் தங்கள் எண் என்று நினைப்பதிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. 32 பிட் நினைவகத்தில் கொள்ளும் பேரெண் 4,29,49,67,295. பழைய இணைய முகவரிகளின் மொத்த எண்ணிக்கை 4,29,49,67,296. நம் எண் இவ்விரண்டுக்கும் பக்கத்து வீடுதான். 32 பிட்டில் இதை எழுதப் போனால் மேல்முனை வழிந்துபோய் மீதம் வெறும் 1 நிற்கும். உண்மையில் பக்கத்து வீட்டுக்காரரான 4,29,49,67,295தான் வடிவியலில் கெட்டிக்காரர். 3, 5, 17, 257, 65537 ஐந்தையும் பெருக்கினால் வருவது அதுவே. 1796இல் காஸ் 17 பக்கச் சீர்பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டு வரைய முடியும் என்று காட்டிய வழியில் பார்த்தால், ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்டு வரையக்கூடியதாக இன்று அறியப்பட்டவற்றில் மிகப் பெரியது அத்தனை பக்கங்கள் கொண்டதே. நம் எண்ணின் பங்கு இதில் எதிர்மறையானது: இது பகா எண்ணாக இருந்திருந்தால் அந்த உச்சவரம்பு 20 இலக்கங்களுக்குத் தாவியிருக்கும்.

எதிர்மறைப் பங்கு என்பதற்காக அது சிறியது என்று சொல்ல முடியாது. 1991இல் லாயும் மாஸியும் உருவாக்கிய 'ஐடியா' என்ற மறையீட்டு முறை 16 பிட் எண்களைப் பெருக்கி 65537ஆல் வகுத்த மீதியை எடுக்கிறது. 65537 பகா எண் என்பதால்தான் ஒவ்வொரு பெருக்கலையும் திருப்ப முடிகிறது. அதையே 32 பிட்டுக்கு விரிக்கலாம் என்றால் 2³²+1 பகா எண்ணாக இருக்கவேண்டும். 641 குறுக்கே நிற்கிறது. ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுக்கு முன் போட்ட ஒரு வகுத்தல் இன்றைய பொறியாளரின் வரைபடத்தில் கோடு போடுகிறது.

கடைசியாக எல்லைக்கல் என்ற பெருமை. ஐந்தாவது முதல் 32ஆவது வரை உள்ள எல்லா ஃபெர்மா எண்களும் பகு எண்கள் என்று இன்று தெரியும். 33ஆவதைப் பற்றி இன்னும் தெரியாது. பகா எண் வரிசை இங்கே நின்றுவிட்டது என்பது பெரும்பாலோர் கருத்து. நிகழ்தகவுக் கணக்கும் அந்தப் பக்கமே சாய்கிறது. நிரூபணம் இல்லை. ஆகவே இந்தப் பெருமையைத் தற்காலிகமாகத்தான் எழுதிவைக்கமுடியும். நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் ஐந்து உதாரணங்களைப் பார்த்து 'எல்லாம் பகா எண்' என்றார்கள். இன்று இருபத்தெட்டு உதாரணங்களைப் பார்த்து 'இனி ஒன்றுமில்லை' என்கிறோம். பின்னதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்றாலும் இரண்டும் ஊகமே.

ஒப்பிட ஒரு போட்டியாளரும் வேண்டும். 2⁶⁷−1 என்ற 21 இலக்க எண் பகு எண் என்று 1876லேயே லூக்கா காட்டிவிட்டார்; காரணிகள் தெரியவில்லை. 1903இல் நியூயார்க்கில் ஃபிராங்க் கோல் அதை 193707721 × 761838257287 என்று உடைத்தார். கரும்பலகையில் ஒரு வார்த்தை பேசாமல் எழுதிவிட்டு அமர்ந்தார் என்ற கதையால் அந்த எண் நம்முடையதைவிடப் பிரபலம். ஆனால் அந்தக் காரணிகளை உற்றுப் பார்த்தால் உழைப்பு தெரிகிறது, வேறு எதுவும் தெரியவில்லை. ஏன் 193707721 என்று கேட்டால் மூன்று வரியில் பதில் சொல்ல யாராலும் முடியாது. ஏன் 641 என்றால் முடியும். அந்த அளவில் 429 கோடி அந்த 21 இலக்கத்தைவிட மேல்.

ஆகவே என் கணக்கு இப்படி நிற்கிறது. பொய்ப் பகா எண் என்ற பட்டம், 7இல் முடிவது, முந்தையவற்றின் பெருக்கலோடு உள்ள உறவு ஆகியவை குடும்பத்துக்குப் போகவேண்டியவை. கணினிப் பெருமையும் பலகோணப் பெருமையும் அடுத்த வீட்டு எண்களுக்கு. இலக்க விந்தைகள் குப்பைக்கு. இந்த எண்ணுக்கென்று நிற்பவை இரண்டு: குடும்பத்தின் முதல் பகு எண் என்ற இடம், இரண்டு விதமாக வர்க்கக் கூட்டலாகி அதன் வழியே தன் காரணிகளைத் தானே காட்டிக்கொடுப்பது. இரண்டாவதையும் பிரித்துப் பார்த்தால் 25²+4² என்ற 641இன் முகமே தெரிகிறது. எதிர்ச்சான்றாக 4,29,49,67,297 முதல் தரம். எண்ணாக இரண்டாம் தரம். முதல் தர எண் அதன் உள்ளே இருக்கும் 641.